சளிக்கு வைத்திருந்த பிராந்தி

2025 பிப்ரவரி 3

இரண்டு நாளாக வீட்டில் தண்ணீர் ஏறவில்லை. பம்ப்செட் கம்பெனி நடத்துகிறவர் வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்று வேலைக்கு வரும் சின்னத்தாயி சிரிக்கிறாள். சிரிக்கட்டும், நானும் சிரித்தேன்.

மத்தியானம் வக்கீல் கிருபாசங்கர் வந்தார். தீபக் கேஸில் அடுத்த வாரம் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். என் ஒரே மகன் தீபக். இரண்டரை வருஷத்துக்கு முன்னால், சாயங்காலம் நாலு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், துடியலூர்ப் பக்கம் காரை ஓட்டிவந்து கௌதமன் என்ற பையனை அடித்தான். நண்பன் கல்யாண விருந்தில் குடித்திருந்தான். கொஞ்ச தூரம் தள்ளிக் காரை நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான். கௌதமன் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே செத்துப்போனான். இருபத்து மூன்று வயது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது.

அன்று ராத்திரி பத்து மணிக்குத்தான் போலீஸ் தீபக்கின் ரத்தத்தை எடுத்தது. அப்போதும் அதில் மது இருந்தது. அது ஒன்றுதான் இடிக்கிறது என்கிறார் வக்கீல். வீட்டுக்கு வந்தவன் பயத்தில் நடுங்கினான், சளிக்கு வைத்திருந்த பிராந்தியை நான் ஊற்றிக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டுமாம். ஓட்டும்போது குடிக்கவில்லை, வந்த பிறகுதான் குடித்தான் என்று ஆகிவிடும்.

சளிக்கு ஒரு பாட்டில் எந்த வீட்டில் இல்லை? எங்கள் வீட்டில் இல்லை. என் வீட்டுக்காரர் தொடுவதில்லை. டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் முதல் வரிசை நான். “அதனாலதானுங்க நீங்க சொன்னா நம்புவாங்க” என்றார் வக்கீல். படித்தவர் இல்லையா.

பிப்ரவரி 6

குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன். பையன் ஜெயிலுக்குப் போகாவிட்டால் கெடா வெட்டுகிறேன் என்று. பொய் சொல்லப்போவதை அம்மனிடம் சொல்லவில்லை. தெரியாமலா இருக்கும்?

பிப்ரவரி 10

சொல்லிவிட்டேன்.

எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டார்கள். “அரை டம்ளருங்க” என்றேன். கை அளவு காட்டினேன் வேறு. என்ன பிராந்தி என்றார் அரசாங்க வக்கீல். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வாயில் வந்தது: “பேரெல்லாந் தெரியாதுங்க. வேலைக்கு இருக்கற சின்னத்தாயி வாங்கியாந்தது.”

ஏன் அவள் பேரை இழுத்தேன்? இழுத்தால் கேட்க ஆள் இல்லை என்பதாலா?

கடைசி வரிசையில் செத்த பையனின் அம்மா பூவாத்தாளும் தங்கச்சி இளவேனிலும் இருந்தார்கள். பூவாத்தாள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்.

பிப்ரவரி 13

சின்னத்தாயி பாத்திரத்தைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். “நா எப்பங்கம்மா பிராந்தி வாங்கியாந்தேன்? என்ற புள்ளயக் கட்டிக்குடுத்த ஊட்டுல கேக்கறாங்க.” சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றேன். ச்சீ. அதையும் சொன்னேன் பார்.

பதினான்கு வருஷம் எங்கள் வீட்டில் வேலை செய்தவள். நாளையிலிருந்து வரமாட்டாளாம்.

மார்ச் 27

தீர்ப்பு. கவனக்குறைவாக ஓட்டியது குற்றம்தான், ஆனால் குடித்துவிட்டு ஓட்டியது நிரூபணம் ஆகவில்லை. இளவயது, நல்ல குடும்பம். அபராதம், அதோடு கோர்ட் கலையும் வரை சிறை. கோர்ட் கலையும் வரை என்றால் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃபேன் அவன் பக்கம் திரும்பவில்லையே என்று அப்போதுகூட நான் கவலைப்பட்டேன்.

ஐந்தே காலுக்கு எழுந்து வந்தான். “காலு மரத்துப்போச்சும்மா.” வீட்டுப்பாடம் எழுதாததற்குப் பள்ளிக்கூடத்தில் இவனை இதைவிட அதிக நேரம் வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள்.

வராந்தாவில் பூவாத்தாள் இளவேனிலிடம் கேட்டது காதில் விழுந்தது. “எப்பக் கண்ணு ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?” அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள் என்று தெரியாது. நான் வேகமாக நடந்துவிட்டேன்.

மே 4

கோபிசெட்டிபாளையம் பக்கம், எங்கள் குலதெய்வம் கோயிலில் கெடா விருந்து. வேண்டுதல் அல்லவா. இருநூறு பேர். ஆம்பளைகள் தென்னந்தோப்பில் தனியாக உட்கார்ந்து குடித்தார்கள். குழம்பு கொண்டுபோனேன்.

என் கொழுந்தன் மகன் கதிர் டம்ளரை நீட்டினான். “பெரீம்மா, எனக்கும் சளி புடிச்ச மாதிரி இருக்குதுங்க. அரை டம்ளரு ஊத்துங்க.”

அத்தனை பேரும் சிரித்தார்கள். தீபக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவன் கையிலும் டம்ளர் இருந்தது. பிறகு ஐஸ் வாங்கி வருகிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினான். யாரும் தடுக்கவில்லை. நானும்தான். குழம்பு வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பி வரும் வரைக்கும் ரோட்டோரம் நின்றேன். யாருடைய பிள்ளை எதிரில் வருகிறதோ என்று.

மே 5

கதிர் சொன்னதற்கு நானும் சிரித்தேன். நேற்று அதை எழுதவில்லை.

ஜூன் 9

பூவாத்தாள் வீட்டுக்குப் போனேன். இவரிடம் சொல்லவில்லை. துடியலூர் தாண்டி உள்ளே, காலனியில். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை.

நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பெண்ணைக் கடைக்கு அனுப்பி, மூடி திறக்காத கலர் சோடா பாட்டில் ஒன்று வாங்கிவந்து கொடுத்தாள். அவர்கள் வீட்டுத் தண்ணீரை நான் குடிக்கமாட்டேன் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். தண்ணியே போதும் என்று சொல்லியிருக்கலாம். பாட்டிலைக் குடித்தேன். மகனைக் கொன்றது நாங்கள், அங்கே போயும் உபசாரம் எனக்கு!

பிராந்தி கதை பொய் என்று சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை.

“தெரியுமுங்க. உங்க பையன் காரை உட்டு எறங்கறப்பவே தடுமாறுனான்னு பாத்தவங்க சொன்னாங்க. நீங்க கூண்டுல நின்னு சொல்றப்பவே தெரியுமுங்க, அம்மணி.”

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். கலர் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“எனக்குச் சொல்லி என்னங்க ஆகப்போவுது? பொய்ய எங்க சொன்னீங்களோ அங்க போயிச் சொல்லுங்க.”

மரியாதை குறையாமல்தான் சொன்னாள். இன்னும் காதில் இருக்கிறது. அழுதுவிட்டு வந்தால் லேசாகிவிடும் என்று நினைத்துத்தானே போனேன்? என் பாரத்தை இறக்க அவள் வீடா கிடைத்தது.

ஜூன் 11

இவரிடம் சொன்னேன். நீளமாகத் திட்டுவார் என்று நினைத்தேன். “செஞ்சது செஞ்சுபோட்டோம். கிளறாதே” என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டு எழுந்து கம்பெனிக்குப் போய்விட்டார்.

ஜூலை 2

இளவேனில் அப்பீல் போட்டிருக்கிறாள். அவளுடைய வக்கீல் ஆபீஸில் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் அடித்தல். பொய்ச் சாட்சிக்கு உங்கள் மேலும் கேஸ் வரும், ஜெயில்கூட உண்டு என்றார் அவர். தெரியும் என்றேன். தெரியாது, இப்போதுதான் தெரிந்தது.

ஜூலை 3

தீபக் தெரிந்துகொண்டான். “நீயெல்லாம் ஒரு அம்மாவா?” என்றான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான்.

நவம்பர் 18

என்னை மறுபடி விசாரிக்கச் சொல்லி மேல்கோர்ட் உத்தரவு. வீட்டில் நாலு மாசமாக என்னோடு யாரும் பேசுவதில்லை.

2026 ஜனவரி 22

பஸ்ஸில் போனேன். கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் பிராந்தி இல்லை. நான் ஊற்றவில்லை. சின்னத்தாயி வாங்கவில்லை. பையன் வரும்போதே நாறிக்கொண்டுதான் வந்தான், நான்தான் குளிக்கவைத்துத் துணியைத் துவைத்துப் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கிருபாசங்கர் எழுந்து ஒரு காகிதத்தை நீட்டினார். டாக்டர் சர்டிபிகேட். எனக்கு எட்டு மாசமாக மனநோயாம், மாத்திரை சாப்பிடுகிறேனாம். அந்த டாக்டரை நான் கண்ணால் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர்தான் வாங்கியிருக்கிறார்.

என்னைக் கீழே போய் உட்காரச் சொன்னார்கள். கடைசி வரிசையில்தான் இடம் இருந்தது, பூவாத்தாளுக்குப் பக்கத்தில். அவள் நகரவும் இல்லை, பார்க்கவும் இல்லை. பார்ப்பாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அதுவும் வெட்கமாக இருந்தது.

பிறகு தீபக் கூண்டில் ஏறினான். அம்மாவுக்குப் புத்தி சரியில்லை, நடக்காததையெல்லாம் நடந்ததாகச் சொல்கிறாள் என்றான். எப்போதிருந்து என்று கேட்டார்கள். சரியாக மாசம் சொன்னான். தடுமாறவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.