நியாயமான விலைக்குப் பேரம் இல்லை

மச்சாள்,

இன்று காலை, இந்த வருடத்தின் முதல் குளிருக்கு ஹீற்றரைப் போட்டேன். கோடை முழுவதும் குழாய்களுக்குள் படிந்து கிடந்த தூசி கருகி, சூட்டுக் காற்று வருகிற தரை ஓட்டைகளால் ஒரு மணம் எழும்பியது. வருடாவருடம் வருகிற மணம்தான். ஆனால் நீங்கள் கண்ணை மூடிய பிறகு இதுதான் முதல் தடவை. தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையை இழுத்துப்போட்டு அதற்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

எழுபதுகளில் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து மல்கிரேவில் இந்த வீட்டை வாங்கிய முதல் குளிர்காலம். பிள்ளைப்பேற்றுக்கு அம்மாவால் வர முடியவில்லை என்று நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்றீர்கள். தெருவில் சேலை உடுத்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பிறந்த மகளுக்கு நெஞ்சில் இழுப்பு. அறை சூடாக இருக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருந்த சின்ன மின்சார ஹீற்றர் தன்னைத்தான் சூடாக்கிக்கொண்டது. பிள்ளை மூச்சுக்கு இழுபடும்போதெல்லாம் நீங்களும் நானும் மாறி மாறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம்.

அப்போதுதான் அந்த விற்பனையாளன் வந்தான். நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு. வீடு முழுவதும் காஸ் ஹீற்றர் பூட்டித் தருவதாகச் சொல்லி ஒரு விலை சொன்னான். உங்கள் அண்ணையின் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். றோட்டிலிருந்து புதிதாகக் காஸ் குழாய் இழுக்க வேண்டுமாம், வீட்டுக்குக் கீழே மண் தோண்ட வேண்டுமாம். இன்றைக்கே கையெழுத்து வைத்தால்தான் இந்த விலையாம்.

உங்கள் அண்ணை பேனாவை எடுத்துவிட்டார். பிள்ளையின் மூச்சு ஒரு பக்கம். வெள்ளைக்காரனிடம் விலை பேசினால் எங்களை என்ன நினைப்பான் என்கிற கூச்சம் மறுபக்கம். எனக்கும் அதே கூச்சம்தான். குசினி வாசலிலேயே நின்றேன்.

நீங்கள்தான் பிள்ளையைத் தோளில் போட்டபடி உள்ளே வந்து அவனிடம் இங்கிலிஷில் கேட்டீர்கள்.

"இந்த விலைக்குள் என்னென்ன அடங்கும்? மெஷினுக்கு எவ்வளவு, குழாய்க்கு எவ்வளவு, கூலி எவ்வளவு?"

அவன் சிரித்தான். "அதெல்லாம் சேர்த்துத்தான், மேடம்."

"அப்ப பிரிச்சு எழுதிக்கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகு கையெழுத்து."

அவன் போனதும் அண்ணை கோபப்பட்டார். "பிள்ளைக்குச் சுகமில்லை, நீ கணக்குப் பாக்கிறாய்!"

"பிள்ளைக்குத்தான் பாக்கிறன். ரெண்டு நாள் பொறுங்கோ, அண்ணை. யாழ்ப்பாணத்தில வீடு கட்டேக்க எத்தினை மேசன்மாரோட மல்லுக்கட்டினனான். இவன் கோட்டுப் போட்ட மேசன், அவ்வளவுதான்."

அடுத்த நாள் அண்ணையின் மழைக்கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டி, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, வீட்டின் பின்பக்கத்துச் சின்னக் கதவால் தரைக்குக் கீழே தவழ்ந்து போனீர்கள். கட்டைக் கால்களில் நிற்கிற வீடு. பலகைக்கும் மண்ணுக்கும் இடையில் என்ன இருக்கும் என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நான் பிள்ளையோடு வெளியில் நின்று டோர்ச் அடித்தேன். உள்ளேயிருந்து உங்கள் குரல் மட்டும் வந்தது.

"மச்சாள்! காஸ் குழாய் குசினிக்குக் கீழயே வந்து நிக்குது! றோட்டிலயிருந்து ஏன் இழுக்கிறான்? இங்க ஒராள் இருந்து சோறு சாப்பிடலாம், அவ்வளவு இடம். என்னத்தைத் தோண்டப் போறான்?"

முகமெல்லாம் சிலந்திவலையோடு வெளியே வந்து, குளித்த கையோடு கடலை வடை சுட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு நாலு வீடு தள்ளியிருந்த இத்தாலியப் பெண்ணின் கதவைத் தட்டினீர்கள். அவளுடையதும் எங்களுடையதைப் போலவே கட்டிய வீடு. புகைபோக்கியைப் பார்த்து, அங்கே ஹீற்றர் பூட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தீர்கள். விலை கேட்டால் முகம் சுளிப்பாள் என்று நான் பயந்தேன். அவள் சுளிக்கவில்லை. வடையைக் கடித்தபடி, கொடுத்த விலையைச் சொன்னாள். காலையில் வந்தவர்கள் பின்னேரத்துக்குள் முடித்துவிட்டார்களாம். எங்களுக்குச் சொன்ன விலையைக் கேட்டதும் நெற்றியில் கைவைத்துத் தன் பாஷையில் என்னவோ சத்தம் போட்டாள். நீங்களும் தமிழில் சத்தம் போட்டீர்கள். இரண்டு பேருக்கும் நல்லாய் விளங்கியது.

பிறகு வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டோம். ஒருவன் வாசலிலேயே நின்று, இத்தாலியப் பெண் கொடுத்ததிலும் குறைவாக ஒரு விலை சொன்னான். அண்ணைக்கு முகம் மலர்ந்தது. நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "வீட்டைப் பாக்காமல் விலை சொல்லுறவன், வேலையையும் பாக்காமல்தான் செய்வான்."

மற்றவர் ஒரு டச்சுக்காரர். கீழே தவழ்ந்து பார்த்தார், அறைகளை அளந்தார், பிள்ளை எங்கே படுக்கிறது என்று கேட்டார். அவர் சொன்ன விலை இத்தாலியப் பெண்ணுடையதைவிடக் கொஞ்சம் கூட. ஏன் என்று கேட்டீர்கள். பிள்ளையின் அறைக்கு இன்னொரு சூட்டுவாசல் வைக்கப் போகிறேன், அதற்குரிய குழாயும் கூலியும் என்று பிரித்துச் சொன்னார்.

அதற்குள் அண்ணைக்குத் துணிவு வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் குறைக்க ஏலாதோ?" என்று தொடங்கினார். நீங்கள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "வேண்டாம் அண்ணை. நியாயமான விலைக்குப் பேரம் பேசக் கூடாது." அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தார்.

டச்சுக்காரர் வேலைக்கு வந்த அன்றுதான் கோட்டுக்காரன் திரும்பவும் வந்தான். ஒன்றையும் பிரித்து எழுதிக்கொண்டு வரவில்லை. வாசலில் நின்றபடியே விலையைப் பாதியாக்கினான். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் அவசரப்படாமல் கேட்டீர்கள்: "பாதிக்குச் செய்ய ஏலுமெண்டால், அண்டைக்கு மற்றப் பாதியை ஏன் கேட்டனீங்கள்?" அவன் எங்கள் தரையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், காரில் ஏறிப் போனான். அண்ணை கதவைச் சாத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பின்னேரம் சூடு வந்தது. நீங்கள் ஓடிப்போய்த் தரை ஓட்டையின்மேல் நிற்க, சேலை பலூன் போல் ஊதியது. அண்ணை மகளைத் தூக்கி வந்து பக்கத்தில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் இழுப்புத் தணிந்து, அவள் போர்வையை உதைத்து எறிந்துவிட்டு நித்திரையானாள். "வெண்டிட்டம், மச்சாள்!" என்று குசுகுசுத்தீர்கள்.

நீங்கள் ஊருக்குத் திரும்பிய மாதம், கூரை திருத்துகிறேன் என்று ஒருவன் வந்து நின்றான். அண்ணை வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும். அவன் விலையைச் சொன்னான்.

நான் ஏணியைக் காட்டி, "ஏறிப் பார்த்துவிட்டு வாங்கோ" என்றேன். "பிறகு பேசுவோம்."

அவன் ஏறினான், மச்சாள். அன்றிலிருந்து இந்த ஊர் என்னுடையது.