வலது பக்கத்தின் மேல் வரி

“நடுவுல தொறந்து படிக்கிறவுகளுக்கு, பேசுறது யாருன்னு எப்படி டீச்சர் தெரியும்?”

உத்தமபாளையத்தில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் என்னைக் கேட்ட கேள்வி இது. இன்று காலை தேனி அச்சகத்திலிருந்து உங்கள் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. கட்டுக் கயிற்றை அறுத்ததும் புது மையின் வாடை அறை முழுக்கப் பரவியது. நான் அட்டையைப் பார்க்கவில்லை. நடுவில் திறந்து, வலது பக்கத்தின் மேல் வரியைப் பார்த்தேன். இருக்க வேண்டிய பெயர் இருந்தது. அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன், டீச்சர்.

ஒரே பள்ளியில் நீங்கள் தமிழ், நான் கணக்கு. வேறு ஆள் இல்லாததால் கம்ப்யூட்டர் வகுப்பும் என் தலையில் விழுந்தது. ஓய்வு பெற்ற பின் நான் வீட்டில் இருந்தேன். நீங்கள் கம்பத்துக்குப் பஸ் ஏறினீர்கள். எல்லை தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் வேலைக்குப் போகும் பெண்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் வீட்டில் பார்த்தீர்கள். அவர்கள் சொன்னதைக் கைப்பேசியில் பதிந்து, நீங்களே தட்டச்சும் செய்தீர்கள். ஒருத்திக்கு ஓர் அத்தியாயம். அவர்கள் பேச்சில் ஓர் எழுத்தைக்கூட நீங்கள் மாற்றவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “சர்வீஸ் பூரா திருத்தியாச்சு, போதும் டீச்சர்” என்றீர்கள்.

உங்களுக்கு வேண்டியது இதுதான். இடது பக்கத்தின் மேலே புத்தகத்தின் பெயர். வலது பக்கத்தின் மேலே, அந்த அத்தியாயத்தில் பேசுகிறவரின் பெயர். அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் பெயர் பெரிதாக இருப்பதால் அங்கே மேல் வரி வேண்டாம்.

இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். முதல் பெயரை அடித்தீர்கள், வந்தது. அடுத்த அத்தியாயத்துக்குப் போனால் அங்கேயும் அதே பெயர் நின்றது. அதை அழித்துவிட்டு அடுத்தவர் பெயரை எழுதினீர்கள். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். வாத்தியார்களுக்கே உரிய கரும்பலகைப் பழக்கம் இது. பாடம் மாறினால் பழைய தலைப்பை அழித்துப் புதியதை எழுதுவோம். பலகையில் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. கணினியில் உண்டு. நாம் அழித்து அழித்து எழுதியபோதெல்லாம், ஏற்கெனவே கடந்து வந்த அத்தனை பக்கங்களிலும் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கண் முன்னால் இருந்த பக்கம் சரியாக இருந்ததால், நாம் திரும்பிப் பார்க்கவில்லை.

அச்செடுத்து ஒரு ஞாயிறன்று கம்பத்தில் பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குக் கொண்டுபோனோம். உங்களுக்குக் கதை சொன்ன மற்றப் பெண்களும் அங்கே கூடியிருந்தார்கள். ராயப்பன்பட்டியில் பிறந்து, அங்கே பள்ளிக்கூடத்தில் படித்த லூர்துமேரிதான் சத்தமாக வாசித்தார். வாத்தியார் வீட்டுப் பிள்ளை மாதிரி மேல் வரியிலிருந்து தொடங்கினார்.

“செல்லத்தாய். ‘எம் மாமியா வேணும்னே கஞ்சியில உப்ப அள்ளிப் போட்டுத்தான் தூக்குச்சட்டிய மூடுவா...’”

“ஏய், நிறுத்துடீ!” என்று செல்லத்தாய் எழுந்துவிட்டார். “எனக்கு ஏது மாமியா? நான் வாக்கப்பட்டு வரும்போதே அந்த ஆத்தா படமா மாட்டியிருந்தாக.”

பஞ்சவர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அது நான் சொன்னதுடீ. ஒம் பேருலயே கெடக்கட்டும். வீட்டுல படிச்சாகன்னா நான் தப்பிச்சேன்.”

“நல்லாருக்கே! மாமியாவத் திட்டுறது நீ, பழி எனக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். லூர்துமேரி மட்டும் சிரிக்காமல் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எல்லா வலது பக்கத்திலும் கடைசி அத்தியாயக்காரியான செல்லத்தாயின் பெயர். தன் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார். மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்த அன்று, உள்ளே சிக்கிக் கிடந்தவர்களை அவர் ஒவ்வொருவராக வெளியே இழுத்துப் போட்ட கதை அது.

“இழுத்துப் போட்டது நானு” என்றார் மெதுவாக. “தோட்டத்துல எங்க பேரு எங்கயும் கெடையாது டீச்சரம்மா. அங்கனயும் கங்காணி பேரச் சொல்லி, அவரு ஆளு இத்தனைன்னுதான் எண்ணுவாக. இங்கனயுமா?”

சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் அவர் கையிலிருந்த தாள்களை வாங்கி, மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டீர்கள். “ஒம் பேரு மேல வராம இது புத்தகமா வராது” என்றீர்கள். வகுப்பில்கூட உங்கள் குரல் அவ்வளவு உறுதியாக ஒலித்து நான் கேட்டதில்லை.

அச்சகத்துக்காரர் சுலபமான வழி ஒன்று சொன்னார். மேல் வரியில் எல்லாப் பக்கத்துக்கும் தொகுப்பாசிரியர் பெயரைப் போட்டுவிடலாமாம். உங்கள் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்திருக்கும். “அப்ப நானும் ஒரு கங்காணிதான்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தீர்கள்.

மறுநாள் மறுபடி உட்கார்ந்தோம். நாம் அத்தியாயங்களைப் பிரித்திருந்தது வெறும் பேஜ் பிரேக்கால். புதுப் பக்கம் பிறக்கும், ஆனால் கணினிக்கு அத்தனையும் ஒரே வயல்தான். அதை எடுத்துவிட்டு, ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் செக்‌ஷன் பிரேக் போட்டேன், ஒவ்வொன்றும் தனிப் பகுதியாகும்படி. தொடக்கப் பக்கத்தில் மேல் வரி வராதபடியும் குறித்தேன். நீங்கள் பெயரை அடித்தீர்கள். மறுபடியும் எல்லா இடத்திலும் மாறியது. நீங்கள் என்னைப் பார்த்த பார்வை, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப் பார்ப்பது போலிருந்தது.

அப்போதுதான் திரையின் மேல் பட்டையில் ‘லிங்க் டு பிரீவியஸ்’ என்று ஒரு பொத்தான் தெரிந்தது. முந்தைய பகுதியோடு இணைப்பு. அது அழுத்தியபடியே இருந்தது.

“டீச்சர், வரப்பு போட்டுட்டோம். மடையைத் தொறந்து வச்சிருக்கோம். தண்ணி அடுத்த வயலுக்குப் போகாம என்ன செய்யும்?”

“கணக்கு டீச்சரு கம்ப்யூட்டருக்குள்ள நெல்லு நடுறீகளே!” என்று சிரித்தீர்கள். ஆனால் உங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் ஊர்க்காரருக்கு மடையை விளக்க வேண்டுமா? இரண்டாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கி, முதலில் இணைப்பை எடுத்தோம், அதன் பிறகு பெயரை அடித்தோம். இந்த வரிசை மாறக் கூடாது. தண்ணீர் பாய்ந்த பிறகு மடையை அடைத்து என்ன பயன்?

“இடது பக்கத்துக்கும் அடைக்கணுமா?” என்று கேட்டீர்கள்.

“அது பொதுத் தண்ணி. புத்தகத்தோட பேரு எல்லா வயலுக்கும் பாயட்டும்.”

முடித்த பின் கடைசியிலிருந்து முதல் வரைக்கும் திரும்பி வந்தோம். வருகைப் பதிவு எடுப்பதைப் போல ஒவ்வொரு பெயராக நீங்கள் வாசிக்க, நான் “உள்ளேன் டீச்சர்” என்றேன். லூர்துமேரி பெயர் வந்ததும் என்னைக் கையமர்த்தினீர்கள். “இத அவுக சொல்லட்டும்.” அப்போதே போன் போட்டீர்கள். “லூர்துமேரி” என்று மட்டும் சொன்னீர்கள். ஜீப் சத்தத்துக்கு நடுவே அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது: “என்னா டீச்சரம்மா? நான்தான்.” நீங்கள் திரையில் டிக் அடிப்பது போல விரலால் தொட்டீர்கள்.

முதல் பதிப்பை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். அது விற்றுத் தீர்ந்ததைப் பார்க்க நீங்கள் இல்லை. அந்த வருத்தத்தை இன்றைக்கு நான் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறேன். உங்களுக்குச் சொல்லப் பெருமையான செய்தி ஒன்று இருக்கிறது.

போன வாரம் கம்பம் பஸ் நிலையத்தில் லூர்துமேரியைப் பார்த்தேன். கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரே ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அவர் கதையில் ஜீப் கவிழும் பக்கத்தின் நகல். புது ஆட்கள் ஜீப்பில் ஏறினால் இதைத்தான் வாசித்துக் காட்டுவாராம்.

“புத்தகத்தோட கொண்டு போகலாமே?” என்றேன்.

“முழுசாத் தூக்கிட்டு யாரு மலை ஏறுறது? இந்த ஒரு பக்கம் போதும். மேல பாருங்க, எம் பேரு இருக்கு.”

டீச்சர், அட்டை இல்லை, முன்னுரை இல்லை, அத்தியாயத் தலைப்பு இல்லை. கிழித்தெடுத்த மாதிரி ஒரு தாள். அது தன்னந்தனியாக மலை ஏறி இறங்குகிறது, பேசுகிறவர் பெயரைத் தலையில் தாங்கிக்கொண்டு. உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய எந்தப் பதிலையும்விட அந்தத் தாள் நன்றாகவே பதில் சொல்லிவிட்டது. உங்களோடு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன் என்பதை இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறேன்.

இதைப் படிப்பவர்கள் யாராவது பலர் பேசும் நீண்ட கோப்பு ஒன்றை வைத்திருந்தால் ஒன்று செய்யுங்கள்: ஒருவர் பெயரை மேலே அடித்து முடித்ததும், அவருக்கு முந்தையவரின் பக்கத்துக்குத் திரும்பிப் போய், அங்கே அந்த முந்தையவரின் பெயரே இருக்கிறதா என்று பாருங்கள்.