ஏழாவது வாக்கியம்

செப்டம்பர் 9, 2024. திங்கள்

நகராட்சிக் கூட்டம் ஒத்திவைப்பு. வந்த உறுப்பினர்கள் போதவில்லை. பத்திரிகைக்கு நாலு வரிச் செய்தி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சரவணகுமாரிடமிருந்து போன். என் அக்கா மகள் துர்காதேவியின் கணவன். புதுப்பட்டினத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். துர்காவுக்கு இது ஆறாம் மாதம். முதல் குழந்தை.

“மாமா, ஸ்கேன்ல இன்னாவோ சொல்றாங்க. கொழந்தைக்கு தண்ணி சேந்துகினு கீதாம். மெட்ராஸ்ல பெரிய டாக்டராண்ட போவச் சொல்லி எழுதிக் குட்த்துட்டாங்க. நீயும் கூட வா. எங்களுக்குக் கேக்கத் தெரியாது.”

அவளுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் நான் ஒருவன்தான். கேள்வி கேட்பதோ முப்பது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. வருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 11, புதன்

சென்னை ஆஸ்பத்திரி. குழந்தையின் நுரையீரலைச் சுற்றி, வயிற்றுக்குள், தோலுக்கு அடியில் – நீர் கோத்திருக்கிறது. காரணம் இன்னும் தெரியவில்லை. ஊசி வைத்து நீரை எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கலைப்பதானால் மருத்துவக் குழுவிடம் போக வேண்டும், அந்த வழியும் உண்டு என்றார். அவர் முடிப்பதற்குள் துர்கா, “பெத்துக்கறேன்” என்றாள். சரவணகுமார் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது நான் கேட்டேன்: “இப்படி வந்த பத்துக் குழந்தைகளில் எத்தனை பிழைக்கும்?”

டாக்டர் துர்காவை ஒருமுறை பார்த்தார். சொல்லலாமா என்று அவர் தயங்கியது எனக்குத் தெரிந்தது. தயங்குகிறவரை விடாமல் கேட்டுப் பழகியவன் நான். மறுபடியும் கேட்டேன்.

“ரெண்டு. மிஞ்சிப்போனா மூணு.”

காரில் திரும்பும்போது சிங்கப்பெருமாள்கோவில் தாண்டியது. பிறகு பின்சீட்டிலிருந்து துர்கா: “மாமா, நான் அங்கதான ஒக்காந்துகினு இருந்தேன்.”

செப்டம்பர் 14, சனி

சொந்தக்காரர்கள் ஓயாமல் போன் செய்கிறார்கள். சரவணகுமாருக்குச் சலித்துவிட்டது. “பத்து பேரு பத்து வாட்டி கேக்கறாங்க. ஒரே பேஜாரு. நீதான் எழுதறவனாச்சே, ஒரு வாட்டி தெளிவா எழுதி குரூப்ல போட்டுடு மாமா.”

எட்டு வாக்கியம் எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அதில் ஒரு வார்த்தை தவறில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

குரூப்பில் கும்பிட்ட கை எமோஜிகளாக வந்து குவிந்திருக்கின்றன. அழுகிற முகங்கள். அச்சிறுபாக்கத்திலிருந்து யாரோ “ஆழ்ந்த இரங்கல்” என்றே போட்டிருக்கிறார்.

துர்கா போன் செய்தாள். “இன்னா மாமா, உள்ள ஒதச்சிகினு கீது. நீ அதுக்குள்ள சாவு சேதி போட்டுட்ட.”

நான் அப்படி எழுதவில்லை என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

திரும்ப எடுத்துப் படித்தேன். முதல் வாக்கியம்: ‘துர்காதேவியின் கருவிலுள்ள குழந்தை பிழைக்கும் வாய்ப்பு குறைவு என மருத்துவர் தெரிவித்தார்.’ பிறகு நோயின் விவரம். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த விவரம். குழந்தையைப் பெற்றுக்கொள்வதென்று அவர்கள் முடிவு செய்ததும், ஊசி வைத்து முயல இருப்பதும் ஏழாவது வாக்கியத்தில் இருக்கின்றன.

முக்கியமானதை முதலில் வை. இடம் போதாவிட்டால் கீழேயிருந்துதான் வெட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்த வாரம் சொல்லிக்கொடுத்தது. கை அதன்படி எழுதிவிட்டது. ஏழாவது வாக்கியம் வரை யார் படிக்கிறார்கள்?

எது முக்கியம் என்று அவளை ஒரு வார்த்தை கேட்டேனா நான்?

செப்டம்பர் 17

குரூப்பில் திருத்தம் போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் திருத்தத்தை உள்பக்கத்தில்தான் போடுவோம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

அக்காவைப் பார்க்கப் படாளம் போனேன். வளைகாப்பு வேண்டாமென்று துர்காவின் மாமியார் சொல்லிவிட்டதாக அக்கா சம்பூர்ணம் சொன்னாள்.

“நாளைக்கி ஒன்னு ஆயிட்டா ஊரு வாயில நாமதான் வுழணும்னு சொல்றாங்க, துரை. அதும் நாயமாத்தான கீது?”

“சரிதான்” என்றேன்.

சரியில்லை. என் வாயில் வந்தது அதுதான். துர்காவுக்கு வளையல் போட்டுக்கொள்ள ஆசை இருந்ததாக, பஸ் ஏறும்போது அக்காவே சொன்னாள். இறங்கித் திரும்பப் போயிருக்கலாம். போகவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

ஊசி வைத்தார்கள். நான் எழுந்து டாக்டரின் அறைப் பக்கம் நடந்தேன். சரவணகுமார் என் சட்டையைப் பிடித்தான்.

“மாமா, நீ ஒன்னும் கேக்காத. போயி டீ வாங்கினு வா.”

வாங்கி வந்தேன். சர்க்கரை இல்லாத டீயை அவனிடம் கொடுத்துவிட்டேன் போல. குடித்துவிட்டு, “இதயாவது ஒழுங்கா கேட்டு வாங்கினு வரக்கூடாதா?” என்றான். இருவரும் சிரித்தோம். ஒரு மாதத்தில் முதல் தடவை.

நீர் நிறைய வந்ததாம். நல்லபடியாகச் செய்தோம் என்றார் டாக்டர்.

அக்டோபர் 13

மறுபடியும் கோத்திருக்கிறது.

அக்டோபர் 26, சனி

புதுப்பட்டினம். துர்கா முகம் வீங்கியிருக்கிறது. தட்டில் வறுத்த மீன் வைத்துக்கொண்டு முள் எடுத்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“உன் சேதி வந்ததுலருந்து ஒருத்தரும் கொழந்தயப் பத்திப் பேசறதில்ல மாமா. எங்க ஓரகத்தி வந்தா, முக்கா மணி நேரம் மிக்சி ரிப்பேர் ஆனதயே பேசிட்டுப் போறா. பாவம், வேற இன்னா பேசுவா.”

சிரித்தேன். அப்புறம் நானும் தாம்பரம் பஸ்களைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

நவம்பர் 7, வியாழன்

நேற்று மாலை ஆபரேஷன். பெண் குழந்தை. மூச்சுக் கருவி வைத்தார்கள். இன்று விடிவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கு முன் துர்காவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோய்க் குழந்தையைக் காட்டினார்கள். அவள் தொட்டபோது விரலை அசைத்ததாம். நான் ரத்த வங்கி வரிசையில் நின்றிருந்தேன். உயிரோடு பார்க்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

பச்சிளம் குழந்தையை எரிப்பதில்லை. படாளத்தில் எங்கள் நிலத்தின் வடக்கு ஓரத்தில் புதைத்தோம். வேனிலிருந்து வரப்பு வழியாக நான்தான் ஏந்திக்கொண்டு நடந்தேன். சரவணகுமாரால் முடியவில்லை. துணியோடு சேர்த்தும் கையில் பாரமே தெரியவில்லை. குழி மூடும்வரை அவன் என் தோளில் சாய்ந்திருந்தான்.

திரும்பும்போது, சொந்தக்காரர்களுக்கு நான் எழுதிப் போடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் மாமா. அதான் முன்னயே எழுதிட்டியே.”

குத்திக்காட்டச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான்.

ஜனவரி 14, 2025. செவ்வாய்

பொங்கல். துர்கா போன் செய்யவில்லை. நானும்தான்.

மார்ச் 19, புதன்

காலையில் துர்கா போன் செய்தாள். ஸ்கேன் சென்டர் நர்ஸ் சாராள் சொன்னாளாம்: நாவலூரில் ஒரு தம்பதி, பிரதீபா, அபிஷேக், இருவருக்கும் ஐ.டி. வேலை. அவர்களின் வயிற்றுக் குழந்தைக்கும் இதேபோல நீர் கோத்திருக்கிறதாம். யாரிடமாவது பேச வேண்டும் என்கிறார்களாம்.

“அவரு சவாரிக்குப் போய்க்கீறாரு. நீ கார எடுத்துகினு வா. ஆனா அங்க வந்து வாயத் தொறக்கக்கூடாது.”

“சரிம்மா.”

ஒன்பதாவது மாடி. பிரதீபா சோபாவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அபிஷேக் எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, மறுபடியும் காபி வேண்டுமா என்று கேட்டான். நான் சன்னலோரமாக உட்கார்ந்தேன்.

துர்கா பிரதீபாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நோயைப் பற்றிக் கேட்கவில்லை. டாக்டர் பேரைக் கேட்கவில்லை.

“உள்ள கீற கொழந்தய நீங்க இன்னா சொல்லிக் கூப்டுவீங்க?”

பிரதீபா புருஷனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்தான்.

“லட்டு,” என்றாள். “இவர்தான் ஆரம்பிச்சார். ஸ்கேனுக்கு அப்புறம் அப்படிக் கூப்பிடறதையே விட்டுட்டோம்.”

“வுடாதீங்க. எங்களுது பொரி. மொத மொத அசைஞ்சப்ப வாணலில பொரி பொரியற மாரி இருந்துச்சி. அதான். கடைசி வரைக்கும் பொரின்னுதான் கூப்ட்டோம். தொட்டுக் கூப்ட்டப்ப வெரல அசைச்சா.”

பிரதீபா அழ ஆரம்பித்தாள். துர்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வரப்பில் நான் ஏந்திக்கொண்டு நடந்தவளுக்குப் பேர் இருந்திருக்கிறது.

திரும்பும் வழியில், திருப்போரூர் தாண்டியபின், மெதுவாகக் கேட்டேன். “பொரிக்கு எந்தப் பாட்டு போட்டா அசைவா?”

துர்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். மாமல்லபுரம் வந்தது, வீடு நெருங்கிவிட்டது, அவள் இன்னும் முடிக்கவில்லை. நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.