ஒரு பெருமூச்சில் போன தகடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் இருமல் குறைந்ததா?

எக்ஸ்ரே கருவிக்குள் வைக்கும் வெள்ளைத் தகடுகளை இங்கே செய்கிறோம். கதிர் பட்டதும் தகடு ஒளிரும். அந்த ஒளிதான் படமாகிறது. ஈரம் மட்டும் அதற்கு ஆகவே ஆகாது. மேல்மூடி ஒட்டும்வரை, முகக்கவசம் போட்டிருந்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் குனிவோம்.

திங்கட்கிழமையோடு அப்பா போய் நாற்பது நாள். அன்று வேலையில் மூக்கைத் துடைக்கக் கவசத்தை இறக்கினேன். என்னை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்துவிட்டது. சோதனையில் அந்தத் தகட்டில் வாயகலத்துக்கு ஒரு மங்கல் தெரிந்தது. மேற்பார்வை அக்கா, "ஏம்மா, ஊர் ஞாபகத்தையெல்லாம் இது மேலயா கொட்டுவ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

"வெறும் சளிதான், சரியாயிடும்" என்று சொல்லிச் சொல்லியே அப்பா எக்ஸ்ரே எடுக்காமல் நாளைக் கடத்தினார். நீயும் அதையே சொல்லாதே. நாளைக்கே போய் எடு. படத்தைத் தம்பியிடம் சொல்லி எனக்கு அனுப்பு. எனக்கு அதைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியாது. சும்மா அதில் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. எடுக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள், பயப்படாதே. உனக்காவது உடனே விடச் சொல்லிவிடுவார்கள்.

உன் மகள்