நோட்டுல எழுதாத பேரு

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி.

அன்பு மக சரிதாவுக்கு, அப்பா எழுதுறது. நான் நல்லாத்தான் இருக்கேன், நீயும் மாப்பிள்ளையும் அந்த பிரான்ஸ் குளிர்ல ஒடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கணும்னு தினம் அம்மனை வேண்டிக்கிறேன். பக்கத்து வீட்டு பார்வதிக்குப் பொண்ணு பொறந்திருக்கு. நீ போன் பண்ணி இருபத்திரெண்டு நாளாச்சு, நான் பண்ணாலும் எடுக்கல. கோவம்னு தெரியும். அன்னைக்கு லியோன்ல கடை வாசல்ல நின்ன காவக்காரன் உன் பையை மட்டும் தொறந்து பாத்தான், முன்னாடி போன வெள்ளக்காரியை விட்டுட்டான்னு அழுதுகிட்டே சொன்ன. நானோ, அவன் வேலை அது, காட்டிட்டுப் போயேம்மான்னு சொல்லித் தொலைச்சேன். உங்கம்மா உசுரோட இருந்திருந்தா என்னை அங்கயே ஒரு வாங்கு வாங்கியிருப்பா.

ஏன் அப்படிச் சொன்னேன்னு இப்பதான் புரியுது. கடலுக்குப் போறத விட்டுட்டு இந்த ஓட்டல் கேட்டுல நிக்க ஆரம்பிச்சு ஆறு வருஷமாச்சு. உள்ள வர்றவங்க பேரும் ரூம் நம்பரும் நோட்டுல எழுதணும். போன வாரம் உன் வயசுல ஒரு பொண்ணு வந்துச்சு, நம்ம நெறம். மறிச்சு எழுதச் சொன்னேன், ரூம் சாவிய வேற காட்டச் சொன்னேன். அதுக்குள்ள அரை டவுசரோட ஒரு வெள்ளக்காரர் பாட்டுக்கு உள்ள போனாரு, அவருக்கு சலாம் போட்டேன். அந்தப் பொண்ணு எழுதி முடிச்சுட்டு, அவரை ஏன் கேக்கல ஐயான்னு மெதுவா கேட்டுச்சு. உன் குரல் மாதிரியே இருந்துச்சும்மா.

மறுநாள் அவர்கிட்ட நோட்டை நீட்டினேன். அவரு சிரிச்சுகிட்டே பேரை எழுதினாரு, ரூம் நம்பர் எடத்துல ஒரு கோடு. அவருக்கு அங்க ரூமே இல்லியாம்! மூணு மாசமா நீச்சல் குளத்துல குளிச்சுட்டுப் போறாரு, நானும் சலாம் போட்டே அனுப்பியிருக்கேன். மேனேஜர் ராமலிங்கம் ஓடிவந்து என்னைத்தான் திட்டினாரு. வெள்ளக்காரங்க நாலு பேரு குளத்தோரம் ஒக்காந்தாதான் ஓட்டலுக்கே அழகு, ஒனக்கென்னய்யா கேள்வின்னாரு. இப்ப என்னைப் பின் கேட்டுல போட்டுட்டாங்க. அழுக்குத் துணி மூட்டையும் குப்பை வண்டியும்தான் வருது. வீட்டுக்குப் போனாலும் பேச ஆளில்ல, உங்கம்மா போட்டோவப் பாத்துகிட்டே சாப்புடுறேன்.

நீ சொன்னதுதான் நியாயம் கண்ணு. நானும் அப்படியொரு வாசல்ல நின்னு அதே வேலையைப் பண்ணவன், அதான் உன்னை விட்டுட்டு அவனுக்குப் பரிஞ்சு பேசிட்டேன். அப்பாவ மன்னிச்சுடும்மா.

மப்ளர் இல்லாம வெளிய போகாத. ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க. முன் கேட்டுல போன் எடுத்தா திட்டுவாங்க, பின் கேட்டுல கேக்க ஆளில்ல. நீ எப்பக் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

உன் போனுக்குக் காத்திருக்கிற அப்பா,
தணிகாசலம்