முதிரையாற்றுச் சமாதானத்தை முறித்த மன்னருக்கு

குன்றுகள் நிலைபெறுக! சுனைகள் வற்றாதிருக்க!

ஒன்பது குன்றத்துக் குடிகளின் படைத்தலைவர், வேங்கைக்கொடி உடையார், ஆய்நல்லன் வேளார் சொல்ல, அவர்தம் அமைச்சன் கீரங்கண்ணன் எழுதிய ஓலை. தாழ்நாட்டு அதிபதி, முத்துக்குடை நிழலில் வீற்றிருக்கும் திருவிறற்கோ அவர்கள் திருமுன் விடுத்தது. தங்கள் வயல்கள் விளைக. தங்கள் குடிகள் நலமே வாழ்க. தங்களையும் அவ்வாறே வாழ்த்த எம் தலைவருக்கு இன்று மனம் வரவில்லை.

எங்கள் மலைக்கோயில்களில் முன்னோர் பாட்டை நிறுத்தித் தங்கள் அரண்மனை முறைப்படியே ஓதவேண்டும் எனத் தாங்கள் கட்டளையிட்டதும், நாங்கள் வேலெடுத்ததும், முதிரையாற்றின் இருகரையிலும் படைகள் எதிர்நின்றதும் உலகறிந்தவை. அரிசி தீர்ந்தபோது சமாதானம் கேட்டு ஆளனுப்பியவர் தாங்களே. வழிபாட்டை மலைச்சபையே முடிவு செய்யும், இருபடையும் கலையும் என்று ஆற்றுநீரைத் தொட்டு உறுதி கூறினீர்கள். எம் தலைவரோ தம் ஒரே தம்பி இளங்கோடனைப் பிணையாக ஒப்படைத்தார்.

நீர் தொட்டபின்னும் ஆயுதத்தோடு நிற்பது மலையில் இழிவு. ஆகையால் அன்று பொழுது சாய்வதற்குள் எம் வீரர் கூடாரம் பிரித்துத் தினை அறுக்கப் போய்விட்டனர். தங்கள் வீரரோ மழை ஓயட்டும், பிறகு கலைகிறோம் என்றனர். வானில் பேருக்கு ஒரு மேகம் இல்லை. அதையும் நம்பினோம், அத்தனை வெள்ளந்திகள் நாங்கள். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்பார்கள். தங்களுக்கு அரிசி வண்டி வந்து சேர்ந்ததுமே உறவு அற்றுப்போயிற்று.

இப்போது மலைச்சபை கூடலாகாது என்றும், எம் தலைவர் வெறுங்காலோடு வந்து தங்கள் அடி பணியவேண்டும் என்றும், தவறினால் இளங்கோடன் தலை கோட்டைவாயிலில் தொங்கும் என்றும் ஆணை விடுத்திருக்கிறீர்கள். கேட்டதும் எம் தலைவர் சபைநடுவே வாய்விட்டு அழுதார். தோளில் சுமந்து வளர்த்த தம்பி அல்லவா! பணிந்து போனால்தான் என்ன என்று அடியேனைக் கேட்டார்.

விடை தந்தவர் இளங்கோடன் மனைவி பொன்னாத்தி. தம்மை மீட்க மலை மண்டியிட்டது எனக் கேட்டால் தம் கணவர் நாணத்தாலேயே உயிர்விடுவார் என்று சொல்லி, அவர் கட்டிய தாலியைத் தம் கையாலேயே கழற்றி வைத்தார்.

இன்று காலை, உயிரோடிருக்கும் தம்பிக்கு எம் தலைவர் தலைமழித்து ஈமக்கடன் செய்தார். ஆதலால் தங்களிடம் எங்கள் பிணையாள் எவரும் இல்லை என்பதை அறிக.

எம் படை மீண்டும் கரை வந்துவிட்டது. ஓலை கண்ட அளவில் தங்கள் படையைக் கலைத்து நாடு திரும்புக. இது மலைச்சபையின் ஆணை.

வேங்கை முத்திரை சற்றே சாய்ந்திருக்கக் காண்பீர்கள். பதித்த கை தமையனுடையது.