கதவுப் பலகையின் பின்பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

துரைசானிக்குக் கூரைத்துணி போட்டாகிவிட்டது. நாலு மாத வேலை. விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து, சாப்பிடும்போது காரம் எரிகிறது. துரைசானி என்பது அண்ணன் வைத்த பெயர். எண்பது வயது தாண்டிய பிரெஞ்சுக் கார், கூரையை மடக்கித் திறந்துவிட்டு ஓட்டுகிற வகை. மொத்தமே பதினாலுதான் செய்தார்களாம், இப்போது ஓடுகிற நிலையில் இருப்பவை மூன்று. எஞ்சினும் தகரமும் அண்ணன் பொறுப்பு. தோல், துணி, மரம் எல்லாம் நான். ஆறு வருடமாக எங்கள் இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை.

கதவின் தோல் பலகையை மாட்டும் முன் அதன் பின்பக்கம் பெயர் எழுதினோம். வேலை செய்தவர்கள் எல்லாரும் எழுத வேண்டும், அது எங்கள் பட்டறை வழக்கம். வெளியே யாருக்கும் தெரியாது. அண்ணன் பேனாவை என்னிடம் நீட்டி, "நீ முதல்ல எழுது, உன் வேலைதான் கண்ணுல படும்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கூரையில் ஒரு சின்னக் குறை. துணியைத் தாங்குகிற மூன்று இரும்பு வளைவுகளில் நடுவளைவைப் பிடித்து நிறுத்துகிற கொக்கி காருடன் வரவில்லை. தேடாத இடமில்லை. கடைசியில் நானே ஒரு தோல் வார் தைத்துப் பின்சீட்டுக்கு அடியில் பொருத்திவிட்டேன். கூரையை இழுத்து மூடும் முன் வாரை எடுத்து நடுவளைவில் கட்ட வேண்டும். மறந்தால் வளைவு சரிந்து துணியைக் கடித்துவிடும். வா, காட்டித் தருகிறேன் என்று கூப்பிட்டேன். கார்பரேட்டருக்குள் தலையை விட்டிருந்த அண்ணன், நீதான் கூடவே இருக்கப்போகிறாயே என்று சொல்லிவிட்டான்.

மார்ச் 27, வியாழன்

பழைய கார் கண்காட்சிக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டதாம். அண்ணி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இடது கதவுக் கண்ணாடி கடகடவென்று ஆடியது. அண்ணன் வெளியே போயிருந்தான். பலகையைக் கழற்றினேன்.

பலகை புதுசு. என் தோலை உரித்து எடுத்து இதன்மேல் ஒட்டியிருக்கிறான். ஓரத்தில் இரண்டு இடத்தில் பசை வழிந்திருக்கிறது, என் கை அப்படி ஒட்டாது. பின்பக்கம் ஒரே ஒரு பெயர். அவன் பெயர். தேதி மட்டும் அதே பழைய தேதி.

கண்ணாடியைச் சரிசெய்தேன். பலகையைத் திரும்ப மாட்டினேன். எதுக்கு மாட்டினேன்? அங்கேயே ரெண்டா உடைச்சிருக்க வேண்டாமா?

ஏப்ரல் 7, திங்கள்

அண்ணனிடம் கேட்டே விட்டேன்.

"தனி ஒருத்தர் செஞ்ச காருக்குன்னு ஒரு பிரிவு இருக்கு. நடுவருங்க கதவைக்கூடக் கழட்டிப் பாப்பாங்க. உன் பேரு என் மனசுல இருக்கு, அது போதாதா?"

மனசுல! என் கண்ணு போச்சு, கழுத்து போச்சு, எல்லாம் இவன் மனசுல பத்திரமா இருக்காம். பழைய பலகை எங்கேடா என்றேன். எரித்துவிட்டானாம். வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணனை டா போட்டேன். அது அவனுக்கு உறைத்ததாகக்கூடத் தெரியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பட்டறைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

கண்காட்சிக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பதினொரு மணிக்குப் போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு நின்றேன். துரைசானி கூரை திறந்து, பளபளவென்று, யாருக்கோ பிறந்த பிள்ளை மாதிரி நின்றாள்.

நடுவர் அம்மா கூரையை மூடிக் காட்டச் சொன்னார். அண்ணன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். வார் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. கிழியட்டும், நன்றாகக் கிழியட்டும் என்றுதான் என் மனது சொன்னது. ஆனால் துணி இழுபடுகிற சத்தம் காதில் விழுந்ததும் கால் தானாகப் போய்விட்டது. கயிற்றைத் தாண்டி, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, வாரை எடுத்து நடுவளைவில் கட்டினேன். கூரை அலுங்காமல் வந்து உட்கார்ந்தது.

நடுவர் என்னைப் பார்த்தார். "இவங்க யாரு?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "பட்டறையில வேலைக்கு வர்ற பொண்ணு."

நாற்பத்தாறு வயதில் நான் வேலைக்கு வருகிற பொண்ணு. நான் தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கயிற்றுக்கு வெளியே வந்துவிட்டேன். சாயங்காலம் அண்ணி போன் செய்தாள். கோப்பை கிடைத்துவிட்டதாம்.

ஏப்ரல் 23, புதன்

தையல் மெஷின், கத்திரி, ஊசிப்பெட்டி எல்லாவற்றையும் பட்டறையிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். தோல் வாரையும் கழற்றிக்கொண்டேன். என் தோல், என் தையல். அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், அது எதற்கு என்று கேட்கவில்லை.

ஜூன் 14, சனி

நான் போட்டிருப்பது சின்னக் கடைதான், முன்பக்கம் நல்ல வெளிச்சம். முதல் வேலை ஒரு பல் மருத்துவரின் நாற்காலி. மேலுறை தைத்து முடித்து, அடிப்பலகையின் பின்பக்கம் என் பெயரை எழுதினேன். அழுகை வந்தது. அழுதேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

துரைசானி வந்திருக்கிறாள். நடுவளைவு கடித்து இரண்டு சாண் நீளத்துக்குக் கிழிசல்.

அண்ணன்தான் ஓட்டி வந்தான். இளைத்திருக்கிறான். யார் யாரிடமோ காட்டினானாம், ஒருவரும் கை வைக்கவில்லையாம். யார் வந்தாலும் எழுதுகிற வேலைச் சீட்டை நான் எடுத்ததும், நமக்குள்ளே இதெல்லாம் எதற்கு என்றான். தேதி, கார், கிழிசலின் நீளம் எல்லாம் எழுதினேன். வாடிக்கையாளர் பெயர் என்று இருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"உங்க பேரு சொல்லுங்க, சார்."

சொன்னான். எழுதிக்கொண்டேன்.